வெயிலில் எடுத்த வீடியோ

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு சென்னைப் புறநகரில் மனை வாங்கப் போகிறீர்களா? தரகர் வீடியோ அனுப்பியிருப்பார். கல்யாணத் தரகர் காட்டும் போட்டோ மாதிரிதான் அதுவும். நல்ல பக்கம் மட்டும் தெரியும். வெயில் நாளாகப் பார்த்துத்தான் எடுத்திருப்பார்!

நீங்கள் பார்க்க வேண்டியது மழைக்காலத்தை. கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. காசு கிடையாது. அதே இடத்தை வருடம் வருடமாகப் பின்னோக்கிப் பாருங்கள். மழை முடிந்த கையோடு எடுத்த படம் கிடைத்தால் விடாதீர்கள். இன்றைக்குப் பளபளவென்று பெயர்ப்பலகை நிற்கிற இடத்தில், அன்றைக்குத் தண்ணீர் நின்றிருக்கலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் முடிச்சூரும் பட்ட பாடு தெரியும்தானே? ஊரில் இருக்கும் தம்பியையோ மச்சானையோ மனை இருக்கும் தெருவுக்கு அனுப்புங்கள். பழைய குடித்தனக்காரர்களிடம் ஒரே கேள்வி. “அந்த மழையில் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது?” சுவரில் கையை வைத்தே காட்டுவார்கள்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதில் கிரயமும் அடமானமும் தெரியும். தண்ணீர் தெரியாது. ஆகவே முன்பணம் அனுப்புவதற்கு முன்னால், மழைக்காலத்தைப் பார்த்துவிடுங்கள்.