தாடையில் வீக்கம், ஈரலில் புழு

ஏரி ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் மேயும் ஆடு மாடுகளுக்குச் சில சமயம் கீழ்த்தாடைக்கு அடியில் பை மாதிரி வீக்கம் தொங்கும். பார்த்ததுமே தொண்டை அடைப்பான் என்று சூடு போட ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்க. தொண்டை அடைப்பான் என்றால் கடும் காய்ச்சல் இருக்கும், மூச்சு இழுக்கும், வீக்கம் சூடாக இருக்கும், தொட விடாது. ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். அதற்குத் தாமதிக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். நான் சொல்லும் வீக்கம் குளிர்ந்திருக்கும், வலிக்காது, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். தலை குனிந்து மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பும்போது பெரிதாகவும், காலையில் சிறுத்தும் தெரியும்.

உள்ளே இருப்பது சீழ் அல்ல, ரத்தத்திலிருந்து கசிந்த தண்ணீர். ரத்தத்தில் ஆல்புமின் என்று ஒரு புரதம் உண்டு. தண்ணீரை ரத்தக் குழாய்க்குள் பிடித்து வைப்பது அதுதான். அதைச் செய்வது ஈரல். நத்தை மூலம் பரவும் தட்டைப்புழு ஈரலைத் துளைத்துப் பித்தக் குழாயில் குடியேறி ரத்தம் குடிக்கிறது. ஆல்புமின் உற்பத்தியும் குறைகிறது, இருப்பதும் வெளியே போகிறது. இதில் ஒரு வேடிக்கை பாருங்க: புழுவை எதிர்க்க உடம்பு குளோபுலின் என்ற வேறு புரதத்தை அதிகமாகச் செய்கிறது. மொத்தப் புரதத்தை மட்டும் அளந்தால் எல்லாம் சரியாக இருப்பது போலக்கூடத் தோன்றும். ஆனால் ஆல்புமின் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கக் குளோபுலினால் ஆகாது.

ஆகையால் வீக்கத்தைக் கீறினாலும் சுட்டாலும் தண்ணீர் மறுபடி ஊறும். புண்ணில் ஈ மொய்த்துப் புழுத்துப் போவதுதான் மிச்சம். கொஞ்சம் புதுச் சாணத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்க. ஆடுகளில் வயிற்றிலுள்ள உருண்டைப்புழு ரத்தம் குடித்தாலும் இதே வீக்கம் வரும், அதற்கு மருந்து வேறு. கடையில் ஃபென்பெண்டசோல் வாங்கி ஊற்றினால் ஈரல் புழு சாகாது. ஆக்சிக்ளோசனைடு, டிரைக்ளபெண்டசோல் போன்றவை தேவை. புழு வளர்ந்து முட்டையிட ஏறக்குறைய 3 மாதம் பிடிக்கும். அதற்குள் சோதித்தால் சாணத்தில் முட்டை இருக்காது, புழு இருக்கும். மேய்ச்சல் எங்கே என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்க. எத்தனை நாள் பால் கறந்து விற்கக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்க.

மருந்து கொடுத்த மறுநாளே வீக்கம் வற்றாது. ஈரல் தேற வேண்டும். கடலைப் புண்ணாக்கு, அகத்தி, வேலிமசால் என்று புரதமுள்ள தீனி கொடுங்க.

நத்தையிலிருந்து வெளிவரும் புழுக்குஞ்சு தண்ணீர் ஓரப் புல்லிலும் நெல் தாளிலும் ஒட்டிக் காத்திருக்கும். அந்தப் புல்லைப் பச்சையாகப் போடாமல் வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்க. குடிக்கத் தொட்டித் தண்ணீர் காட்டுங்க. வாத்து வளர்க்கிறவர்கள் அவற்றை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் நத்தையைப் பொறுக்கித் தின்றுவிடும்.