‘பார்த்துட்டுத்தான் சார் எடுத்தேன்!’
(நலச்சங்கக் கூட்டத்தில் பேசியது)

பார்க்கிங் பிரச்சினையைப் பற்றிப் பேசத்தான் பலர் வந்திருக்கிறீர்கள். அதற்கு முன் நம் கேட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் வல்லம் வடகால் சிப்காட் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, நடுவே புகுந்து வரும் பைக். மயிரிழையில் ஒரு பைக் தப்பினால், காரை வெளியே எடுத்தவர் சொல்வது ஒன்றுதான்: “ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் சார் எடுத்தேன்!” அது பொய் இல்லை. பார்த்திருப்பார். பைக் தெரிந்திருக்காது.

கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் நம் கண்ணுக்கு மிகத் தெளிவான பார்வை. சுற்றியுள்ளது எல்லாம் மங்கல். அதனால் கண் வினாடிக்கு மூன்று முறை போல இடம் விட்டு இடம் தாவுகிறது. தாவும்போது வரும் காட்சியை மூளை அமுக்கிவிடுகிறது. சந்தேகமானால் கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் அசைவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

அவசரமாகத் தலையைத் திருப்பினால் கண் பஸ் மேல் ஒருமுறை, லாரி மேல் ஒருமுறை இறங்கும். இடையில் வரும் பைக் அந்தத் தாவலில் போய்விடும்.

கிரிக்கெட்டில் “பந்தையே பார்” என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இங்கிலாந்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் பேட்ஸ்மேன்களின் கண்ணசைவைப் பதிவு செய்து 2000-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பந்து கையை விட்டதும் கொஞ்சம் பார்த்துவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவிவிடுகிறதாம். கெட்டிக்கார ஆட்டக்காரரின் கண் இன்னும் சீக்கிரம் போய்விடுகிறது. அதாவது, மனம் எதிர்பார்க்கிற இடத்துக்குத்தான் கண் ஓடுகிறது. நம் கேட்டில் மனம் எதிர்பார்ப்பது பஸ்ஸையும் லாரியையும். ராங் சைடில் வரும் பைக்கை யார் எதிர்பார்க்கிறார்கள்?

ஆகவே கேட்டில் வண்டியை முழுசாக நிறுத்துங்கள். ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தில் ஓரிடம், தூரத்தில் ஓரிடம் என்று கண்ணை நிறுத்திப் பாருங்கள். மறுபடியும் ஒருமுறை பாருங்கள். முன் கண்ணாடியின் ஓரத் தூண் ஒரு பைக்கையே மறைத்துவிடும். கொஞ்சம் முன்னால் சாய்ந்து பாருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும்.

இத்தனையும் செய்தாலும், கேட்டுக்கு வலப்புறம் நாமே கட்டி வைத்திருக்கும் பிளெக்ஸ் போர்டுக்குப் பின்னால் எந்தக் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. அதை இந்த வாரமே அகற்ற வேண்டும் என்று முன்மொழிகிறேன். யார் வழிமொழிகிறீர்கள்?