'இல்லை' என்ற விடைக்குள் ஒரு பால்வீதி

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், மூடிப்போன தங்கச் சுரங்கம் ஒன்றில், ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் ஆழத்தில் 7 டன் திரவ செனான் காத்திருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருளின் துகள் ஒன்று செனான் அணுக்கருவில் மோதினால் ஒரு சிறு ஒளி பிறக்கும். அதைப் பிடிக்கத்தான் இத்தனை ஏற்பாடும். 'எல்இசட்' என்ற அந்தச் சோதனையில் இதுவரை துகள் சிக்கவில்லை. இன்ன எடையுள்ள துகள் இன்ன அளவுக்கு மேல் மோதாது என்று வரம்பு கட்டுகிறார்கள். அந்த வரம்பில் பாதியைத்தான் செனான் சொல்கிறது. மீதியைச் சொல்வது பால்வீதியைப் பற்றிய நமது ஊகம் என்பதே என் வாதம்.

ஊகம் இதுதான். நம்மைச் சுற்றி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.3 கிகா எலெக்ட்ரான் வோல்ட் (ஜிஇவி) அளவு கரும்பொருள் இருக்கிறது. துகள்கள் வாயு மூலக்கூறுகளைப் போல எல்லாத் திசையிலும் பறக்கின்றன. நொடிக்கு 544 கிலோமீட்டரைத் தாண்டியவை பால்வீதியை விட்டே ஓடிவிடும். அடர்த்தியில் பிழை இருந்தால் கவலையில்லை, வரம்பு முழுவதும் ஒரே விகிதத்தில் ஏறும் அல்லது இறங்கும். வம்பு வேகத்தில்தான். 3 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள உதையைச் செனான் அணுக்கருவுக்குக் கொடுக்க, புரோட்டானைப்போல நூறு மடங்கு எடையுள்ள துகளுக்கு நொடிக்கு எண்பது கிலோமீட்டருக்கும் குறைவான வேகம் போதும். ஏழு மடங்கே எடையுள்ள துகளுக்கோ ஏறத்தாழ 650 கிலோமீட்டர் வேண்டும். சூரியனின் ஓட்டத்தையும் சேர்த்தால்கூட, அவ்வளவு வேகத்தில் நம்மை எதிர்கொள்பவை மிகச் சிலவே. அந்தச் சிலவற்றின் கணக்கு சற்று மாறினாலும் இலேசான துகளுக்கான வரம்பு தலைகீழாகிவிடும். 2018இல் கையா விண்கலத்தின் தரவுகள், பழங்காலத்தில் ஒரு சிறு விண்மீன் மண்டலம் பால்வீதியில் வந்து கலந்ததைக் காட்டின. அதன் கரும்பொருள் இன்னும் சீராகக் கலக்கவில்லை என்றால், வாயு உவமை எத்தனை தூரம் செல்லும்?

அப்படியானால் பொய்த்த கொள்கையை எல்லாம் பால்வீதியை வளைத்துக் காப்பாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இத்தாலியின் டாமா சோதனையைப் பாருங்கள். அதன் சோடியம் அயோடைடு படிகங்களில் ஆண்டுதோறும் ஏறி இறங்கும் துடிப்பைக் கரும்பொருளின் அடையாளமாக இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காட்டிவந்தார்கள். செனான் சோதனைகளின் மறுப்பை, வேறு பொருள், வேறு வேகக் கணக்கு என்று ஒருவர் தட்டிக்கழிக்கலாம். ஆகவேதான் ஸ்பெயினில் அனைஸ், தென்கொரியாவில் கோசைன் என இரு குழுக்கள் அதே சோடியம் அயோடைடை எடுத்துப் பார்த்தன, துடிப்பு தென்படவில்லை. படிகப் பொருளும் ஒன்று, வீசும் கரும்பொருள் காற்றும் ஒன்று. இங்கே எந்தப் பால்வீதிக் கணக்கும் தேவையில்லை. இத்தாலிக்கு ஒரு பால்வீதி, ஸ்பெயினுக்கு இன்னொன்று என்று யாரும் வாதாட முடியாதே.