வட்டுக்கோட்டையின் முதற் பட்டதாரிகள்



சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி.ஏ. தேர்வில் தேறியோர் இருவர்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினறியில் பயின்றவர்கள். அமெரிக்க மிசன் 1823இல் நிறுவிய தனியார் கல்விக்கூடம் அது. ஆயின், அவ்வெற்றியைக் கொண்டாட அக்கல்விக்கூடமே அன்று இருக்கவில்லை. ஆங்கில உயர்கல்வி சமயப்பணிக்கு உதவவில்லை எனக் கருதிய மிசன் 1855இலேயே அதனை மூடிவிட்டது. 1872இல்தான் அதன் வழித்தோன்றலாக யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

பட்டத்தோடு தாமோதரம்பிள்ளை நின்றுவிடவில்லை. செல்லரித்த ஏடுகளைத் தேடியலைந்து, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் புள்ளி வழங்கவில்லை.

பரிசளிப்பு விழாக்களில் தமிழ்ப் பாடப் பரிசு, பெற்றோர் எழுந்து புறப்படும் வேளையில் வழங்கப்படுவதே வழக்கமாகிவிட்டது. இன்று அது முதலில் வழங்கப்படட்டும். அம்மாணவி மேடைக்கு வருக!