எபெத்மெலேக்: பெயரும் செயலும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எரேமியாவின் நூலில் சில வசனங்களில் மட்டும் தோன்றி மறைகின்ற ஒருவரைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். அவர் எபெத்மெலேக். எபிரெய மொழியில் 'எபெத்' என்றால் அடிமை அல்லது ஊழியன்; 'மெலேக்' என்றால் அரசன். எனவே 'அரசனின் ஊழியன்' என்பதே பொருள்.

இது பெயரா, பதவியா? 1932-ஆம் ஆண்டில் எருசலேமுக்கு வடக்கே டெல் எந்-நஸ்பே என்னுமிடத்தில் கல் முத்திரை ஒன்று கிடைத்தது. 'அரசனின் ஊழியன் யசனியாவுக்கு உரியது' என்று அதில் பொறிக்கப்பட்டிருந்தது. யசனியாவுக்குப் பெயரும் இருந்தது, பதவியும் இருந்தது. எபெத்மெலேக்கை இயற்பெயராகவே கொள்ளும் அறிஞரும் உளர். ஆயினும், இவர் எகிப்துக்குத் தெற்கிலிருந்த கூஷ் நாட்டினர். தமிழ் வேதாகமம் எத்தியோப்பியன் என்கின்றது. அவருடைய தாய் தன் மொழியில் அவரை எவ்வாறு அழைத்தாளோ, அச்சொல் நூலில் இல்லை. ஊழியத்தையே பெயராக்கி மனிதரை அழைக்கும் வழக்கத்தின் கசப்பை நம் முன்னோர் நன்கறிவர்.

பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருந்த காலம். சரணடைவோர் பிழைப்பர் என்று உரைத்த எரேமியாவைப் பிரபுக்கள் நீரற்ற துரவில் இறக்கினர். அவர் சேற்றில் அமிழ்ந்தார். அரசன் சிதேக்கியாவோ அவர்களைத் தடுக்கத் துணிவின்றி இருந்தான்.

எபெத்மெலேக் அரண்மனையை விட்டு வெளியேறினார். பென்யமீன் வாசலில் வீற்றிருந்த அரசனிடம் சென்று, அம்மனிதர் செய்தது தீமை என்றும், எரேமியா பட்டினியால் மாண்டுபோவார் என்றும் நேருக்கு நேர் எடுத்துரைத்தார். ஆணை பெற்றார், ஆட்களுடன் விரைந்தார்.

இளைஞர்களே, அடுத்து அவர் செய்ததைக் கூர்ந்து நோக்குங்கள். கருவூலத்தின் கீழறையிலிருந்து பழந்துணிகளையும் கந்தைகளையும் எடுத்துக் கயிற்றோடு இறக்கினார். அவற்றை அக்குளில் வைத்து, அதன்மேல் கயிற்றைப் பூட்டிக்கொள்ளுமாறு எரேமியாவிடம் கூறினார். ஆழத்திலிருந்து தூக்கும் கயிறே அந்த மெலிந்த உடலை அறுத்துவிடக் கூடாது என்று அவர் எண்ணியிருக்கின்றார்!

துரவில் இறக்கிய பிரபுக்களுள் இருவர் யூகாலும் கெதலியாவும். அவர்களுடையவை எனக் கருதப்படும் களிமண் முத்திரைப் பதிவுகள் 2005, 2008 ஆம் ஆண்டுகளில் எருசலேம் அகழாய்வுகளில் கிடைத்தன. தந்தையர் பெயரோடு அவர்தம் பெயர்கள் மண்ணில் நிலைத்துள்ளன. எபெத்மெலேக்குக்கு அத்தகைய முத்திரை கிடைக்கவில்லை. அவர் தந்தையின் பெயரும் தெரியவில்லை. எனினும் நகரம் வீழும் நாளில் அவர் உயிர் தப்புவார் என்னும் வாக்குறுதி, அவர் ஒருவருக்கென்றே எரேமியாவின் நூலில் எழுதப்பட்டுள்ளது.

பிறர் இட்ட பெயர் எதுவாயினும் செயல் நம்முடையது. கல்வியால் கரையேறிய நீங்கள், இன்னும் கீழே இருப்போருக்குக் கயிற்றை இறக்குங்கள். கூடவே அந்தப் பழந்துணியையும் இறக்க மறவாதீர்கள்.