ஒத்திகை பார்த்த துணிவு



மாணவர் போராட்டம் என்றதும் இளரத்தம், ஆவேசம் என்று பேசுவது நமக்குப் பழகிவிட்டது. புகழ்பவரும் ஏசுபவரும் இதில் ஒரே கட்சிதான். 1960இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்ததைப் பார்த்தால் இரு தரப்பின் கணிப்பும் பிசகுகிறது. ஃபிஸ்க் பல்கலைக்கழக மாணவி டயான் நாஷ் சிகாகோவில் வளர்ந்தவர். தென் மாநிலத்துக்குப் படிக்க வந்தபின்தான் நிறப் பிரிவினையின் முழுக் கொடுமையும் தெரிந்தது. கோபம் வரத்தான் செய்தது. அது அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு பயிற்சி வகுப்பில். நாகபுரியில் சில ஆண்டுகள் பணியாற்றி, காந்திய வழிமுறைகளைக் கற்றுத் திரும்பியிருந்த இறையியல் மாணவர் ஜேம்ஸ் லாசன் அதை நடத்தினார். மாணவர்களில் சிலர் வெறியர்களாக நடித்து வசைபாடுவார்கள், முகத்தில் புகை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து தள்ளுவார்கள். மற்றவர்கள் கை ஓங்காமல் தாங்கிப் பழகுவார்கள். வாரக்கணக்கில் இதே வேலை. பிப்ரவரி 13 அன்று, வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய கடைகளில் போய் அமர்ந்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு கும்பல் தாக்கியபோது போலீஸ் அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிவாங்கிய மாணவர்களில் சுமார் 80 பேரைக் கைது செய்தது. ஓர் அணி போனதும் அடுத்த அணி அதே இருக்கைகளில் வந்து உட்கார்ந்தது. ஆவேசத்தால் இப்படி வரிசையாக வந்து உட்கார முடியாது.

கடைக்காரர்களைப் பணியவைத்தது மனச்சாட்சியா, கல்லாப்பெட்டியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஈஸ்டர் காலத்தில் கறுப்பின மக்கள் நகர்மையக் கடைகளைப் புறக்கணித்ததால் வியாபாரம் படுத்தது உண்மை. ஆனால் அந்தப் புறக்கணிப்பில் ஊரே இறங்கியது, தங்கள் பிள்ளைகள் திருப்பி அடிக்காமல் சிறைக்குப் போனதைப் பார்த்துத்தான். ஏப்ரல் 19 அன்று, மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் மௌனமாக நகர மன்றத்துக்கு நடந்தார்கள். பாகுபாடு சரியா என்று நாஷ் மேயரை எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேர் கேட்க, தவறுதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். மே மாதம் ஆறு கடைகள் கறுப்பினத்தவருக்குப் பரிமாறத் தொடங்கின.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளாதா என்பது அடுத்த ஆட்சேபம். மாநிலங்களுக்கு இடையே ஓடும் பேருந்துகளில் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1946இலேயே சொல்லிவிட்டது. 15 ஆண்டுகள் அது காகிதத்தில் கிடந்தது. 1961 மே மாதம் அதைச் சோதிக்கப் புறப்பட்ட பயணிகளின் பேருந்தை அலபாமாவில் எரித்தார்கள்; அந்தப் பயணம் நின்றுபோனது. வன்முறையால் பயணத்தை நிறுத்தலாம் என்று ஆகிவிட்டால் இயக்கமே முடிந்தது என்று கணக்கிட்டார் நாஷ். நாஷ்வில் மாணவர்கள் சிலர் உயில் எழுதிவைத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார்கள். நாஷ் தொலைபேசியருகே இருந்து அணிகளை அனுப்பினார், செய்தியாளர்களுக்குத் தகவல் சொன்னார், வாஷிங்டனுக்குப் பதில் சொன்னார். புகைப்படத்தில் விழாத வேலை. அதே ஆண்டு செப்டம்பரில் நிலையங்களிலும் பேருந்துகளிலும் பிரிவினையை நீக்க மத்திய ஆணையம் உத்தரவிட்டது.

படிப்பு கெட்டதே என்பீர்கள். கெட்டதுதான், நாஷ் ஃபிஸ்க்கில் பட்டம் பெறாமலே வெளியேறினார். ஆனால் எல்லாரும் தாமாகப் படிப்பை விட்டவர்களும் அல்லர். லாசனை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் வெளியேற்றியது. பேருந்துப் பயணம் போன 14 பேரை டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் நீக்கியது. 2008இல் அதே பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. இடைப்பட்ட 47 ஆண்டுகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள், இந்தப் பட்டமளிப்பு மேடையில் என்னோடு அமர்ந்திருக்கும் துணைவேந்தர், பேராசிரியர்களைப் போன்ற பெரியவர்கள்தான்.