இரணைதீவின் கோவிலும் பள்ளிக்கூடமும்



ஈழத்துத் தமிழில் 'இரணை' என்னும் சொல்லுக்கு இரட்டை என்பது பொருள். ஒரு தாய் வயிற்றில் ஒருங்கே பிறந்த இருவரை இரணைப் பிள்ளைகள் என்பர். வன்னிப் பெருநிலத்தின் மேற்குக் கரைக்கு அப்பால், பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த கடலிலே, பெரியதீவு, சிறியதீவு என இரண்டு தீவுகள் அருகருகே கிடக்கின்றன. அவை சேர்ந்தே இரணைதீவு எனப் பெயர் பெற்றன. இன்று அவை கிளிநொச்சி மாவட்டத்தில் அடங்குவன. தென்னையும் நன்னீர்க் கிணறும் மாடு மேயும் புல்வெளியும் உடைய அந்தத் தீவிலே தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் வாழ்ந்து வந்தனர். ஆடவர் வலைத்தொழில் செய்தனர். நீர் வற்றிய வேளையில் பெண்கள் கரையோரம் நடந்து கடலட்டையும் நண்டும் பொறுக்கினர். செபமாலை மாதாவின் பெயரால் அவர்களுக்கு ஒரு கோவில் இருந்தது. பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமும் இருந்தது.

கோவிலும் பள்ளிக்கூடமும் இவ்வாறு இரணையாய் அமைந்தமை தற்செயலாக நேர்ந்ததன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து சேர்ந்தனர். வடபகுதியில் அவர்கள் மேற்கொண்ட பணிகளுள் கல்விப் பணி தலையாயது. 1868 முதல் யாழ்ப்பாணத்தின் ஆயராக விளங்கிய பொஞ்சீன் ஆண்டகை, பிள்ளையின் கல்வியைப் பெற்றோரின் சமயத்திலிருந்து பிரித்தல் தகாது என்று ஓயாது வாதிட்டவர். 1869ஆம் ஆண்டில் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டு, சமய சபைகள் நடத்தும் பாடசாலைகளுக்கு அரசாங்கம் நன்கொடைப் பணம் அளிக்கும் முறை விரிவடைந்தது. அதன் பின்னர், கோவில் இருந்த ஊரிலெல்லாம் அதன் பக்கத்தில் ஒரு பாடசாலை எழலாயிற்று. கரையோரச் சிற்றூர்களில் எழுந்தவை பெரிய கட்டடங்கள் அல்ல. அரைச்சுவரும் ஓலைக் கூரையும் மணற்றரையுமே பலவற்றுக்கு இருந்தன. ஆனால், எழுத்தறியாத ஒரு தொழிலாளியின் மகன் தன் பெயரை முதன்முதல் எழுதியது அந்த மணலிலேதான்.

இத்தகைய பாடசாலைகள் 'றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை' எனப் பெயர் பெற்றன. கலவன் என்றால் ஆணும் பெண்ணும் கலந்து படிப்பது என்று பொருள். ஆண் பிள்ளைக்கே படிப்பு என்று பலர் எண்ணிய காலத்தில், சிற்றூர்ப் பெண் பிள்ளைகளையும் அதே வாங்கில் இருத்திய பெருமை அந்தப் பெயருக்கு உண்டு.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசாங்கத்தின் பொறுப்பிலே கொண்டு வந்தன. பெரிய கல்லூரிகள் சில, அரசாங்கப் பணம் வேண்டாம் என்று கூறித் தனித்து நின்றன. சிற்றூர் ஆரம்பப் பாடசாலைக்கு அவ்வாறு நிற்கும் வழி ஏது? நாடெங்கும் கத்தோலிக்க மக்கள் கொதித்தெழுந்தனர். தாம் கல் சுமந்தும் கிடுகு பின்னியும் எழுப்பிய கட்டடம் தம் கையை விட்டுப் போகிறதே என்ற துயரம் அவர்களுக்கு. மறுபக்கத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தரமான கல்வி கிடைத்தல் வேண்டும் என்று கூறியோரின் நியாயமும் பொய்யானதன்று. அந்த வழக்கு இன்று பழங்கதையாகிவிட்டது. எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பாடசாலை அரசாங்கத்துக்குரியதாயிற்று, ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதும் அரசாங்கமே. ஆனால், 'றோ. க. த. க.' என்ற நான்கு எழுத்துகள் பல பாடசாலைகளின் பெயர்ப்பலகையில் அப்படியே நிலைத்துவிட்டன. ஊராரின் நெஞ்சிலும் அது கோவிற் பள்ளிக்கூடமாகவே நிலைத்தது.

ஏன் அவ்வாறு நிலைத்தது? அத்தகைய ஊரொன்றின் ஓராண்டு வாழ்வை நோக்கினால் விடை கிடைக்கும்.

ஆண்டின் தொடக்கத்திலே ஐந்து வயதுப் பிள்ளை முதலாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கிறது. காலை மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக நின்று சிலுவை அடையாளம் இட்டுச் செபிக்கின்றனர். பாடத்திட்டத்தில் சமயம் ஒரு பாடம். கத்தோலிக்கப் பிள்ளை கத்தோலிக்கமும் சைவப் பிள்ளை சைவநெறியும் கற்கும். தவக்காலம் வந்தால் ஊரின் குரலே மாறிவிடும். கோவா நாட்டிலிருந்து 1705ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, தமிழைக் கற்று, தமிழிலேயே நூல்கள் இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியாரின் 'வியாகுலப் பிரசங்கம்' கோவில்களில் ஓதப்படும். முதியவர் ஒருவர் இராகத்தோடு வாசிப்பார். பிள்ளைகள் வாய் திறந்து கேட்டிருப்பர். அச்சிட்ட நூலொன்றுக்கு ஓர் ஊர் முழுவதும் செவிசாய்க்கும் காட்சியை அப்பிள்ளைகள் அங்கேதான் காண்கின்றனர். எழுத்தின் பெருமையை ஆசிரியர் எத்தனை நாள் எடுத்துச் சொன்னாலும், அந்த ஒரு மாலைப்பொழுது உணர்த்துமளவுக்கு உணர்த்த இயலாது.

பின்னர் முதல் நன்மை நாள் வருகிறது. வெள்ளை உடை உடுத்த சிறுவர் சிறுமியர் கையில் மெழுகுதிரி ஏந்திப் பீடத்தை நோக்கி நடக்கும் நாள் அது. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஆயத்தம் தொடங்கும். மன்றாட்டுகளை மனனஞ் செய்தல் வேண்டும். பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைப் பழகுதல் வேண்டும். பாடசாலையிற் படிப்பிக்கும் ஆசிரியையே பல ஊர்களில் ஞாயிறு மறைக்கல்வியையும் நடத்துவார். வெள்ளை உடை வாங்க வசதியில்லாத வீட்டுக்குச் சென்ற ஆண்டு உடுத்த பிள்ளையின் உடை போய்ச் சேரும். அதனைப் பிச்சை என்று எவரும் கருதார். முறை என்றே கருதுவர்.

கோவில் திருநாள் கொடியேற்றத்துடன் தொடங்கும். நவநாள் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பகுதியார் பொறுப்பேற்பர். அவற்றுள் ஒரு நாள் பாடசாலைப் பிள்ளைகளுடையது. அன்று வாசகம் வாசிப்போரும் பாட்டிசைப்போரும் அவர்களே. நடுங்கும் குரலில் ஒரு பத்து வயதுச் சிறுமி வாசித்து முடிக்கும்போது, பின்வரிசையில் நிற்கும் தந்தை நிலம் பார்த்து நிற்பார். அவர் எழுத்தறியாதவராக இருக்கலாம். திருநாள் இரவிலே சுருவம் வீதிவலம் வரும். தொழிலுக்குப் போனோர் அன்று கடலில் இறங்கார். தூர ஊர்களிற் கலியாணம் முடித்துப் போனோரும் அன்று திரும்புவர். ஐப்பசி செபமாலை மாதத்தில் வீடு வீடாகச் செபம் நடக்கும். கார்த்திகையில் பிள்ளைகள் சேமக்காலையைத் துப்புரவு செய்வர். மார்கழியில் வகுப்பறையின் மூலையிலே பாலன் குடில் எழும்பும். ஒளிவிழாவுக்குச் சைவப் பிள்ளைகளும் ஆடிப் பாடுவர்; வாணி விழாவுக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகளும் அவல் கடலை பெற்று உண்பர்.

இவ்வாறாகப் பள்ளிக்கூடத்தின் நாட்குறிப்பும் கோவிலின் நாட்குறிப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை அறுத்தால் மற்றொன்றும் தளரும். இந்த உண்மையை இரணைதீவு மக்கள் அனுபவித்தே அறிந்தனர்.

1992ஆம் ஆண்டில், போர் காரணமாக, அம்மக்கள் தீவை விட்டு வெளியேற நேர்ந்தது. கடற்படை தீவில் நிலைகொண்டது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பெருநிலத்துக்கு வந்தோர் முழங்காவிற் பகுதியிலே குடியேறினர். தாம் குடியேறிய இடத்துக்கு அவர்கள் இட்ட பெயர் இரணைமாதா நகர் என்பதாகும். அந்தப் பெயரைச் சற்றே சிந்தியுங்கள். விட்டு வந்த தீவின் பெயரையும், அத்தீவின் காவலியான தாயின் பெயரையும் ஒன்றாகச் சேர்த்துப் புதிய மண்ணுக்குச் சூட்டியிருக்கின்றனர். தற்காலிகமாகத் தங்க வந்த இடத்துக்கு இட்ட பெயரே, 'நாங்கள் இன்ன ஊரார்' என்று சொல்லும் ஆவணமாக அமைந்துவிட்டது. அங்கும் பிள்ளைகளின் படிப்பும் வழிபாடும் தொடர்ந்தன.

அங்கும் அவர்கள் அமைதியாக இருத்தற்கில்லை. 2008ஆம் ஆண்டில் போர் மீண்டும் அக்கரையோரத்தை நெருங்கியபோது, வன்னி மக்கள் அனைவரோடும் அவர்களும் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். அதே ஆண்டில் மடுமாதாவின் திருச்சுருவமும் மருதமடுவை விட்டுத் தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டது என்பதை நேயர்கள் நினைவுகூர்வர். மக்கள் இடம்பெயர்ந்தபோது அவர்கள் வணங்கிய தாயும் இடம்பெயர்ந்தாள். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. முகாம் வாழ்வுக்குப் பின்னர் மக்கள் திரும்பினர். ஆனால், இரணைதீவு மக்களுக்குத் திரும்ப முடிந்தது இரணைமாதா நகர் வரையிலேயே. கண்ணுக்கெட்டிய கடலுக்கு அப்பாற் கிடந்த சொந்தத் தீவிலே குடியிருக்க அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை.

2017 மே முதலாந் திகதி அவர்கள் இரணைமாதா நகரிலே தொடர் போராட்டம் ஒன்றைத் தொடங்கினர். பெண்களே அதில் முன்னின்றனர். ஏறக்குறைய ஓராண்டு கழிந்தது. விடை கிடைக்கவில்லை. 2018 ஏப்ரல் 23ஆந் திகதி, வெள்ளைக் கொடிகள் கட்டிய படகுகளில், குருமாரும் உடன்வர, அம்மக்கள் தாமாகவே தீவை நோக்கிப் புறப்பட்டனர். எவரும் அவர்களைத் தடுக்கவில்லை. கரையில் இறங்கியோர் முதலிற் சென்ற இடம் கோவில். இருபத்தாறு ஆண்டுகளாகப் பிரிந்திருந்த மண்ணிலே முழந்தாளிட்டனர். அன்றிரவு கோவிலையே வீடாகக் கொண்டனர். அவர்கள் குடியிருப்பதற்கு அரசாங்கமும் பின்னர் இணங்கியது.

கோவில் பழுதுற்றிருந்த போதிலும் நின்றது. வீடுகளோ இடிந்து பற்றை மூடிக் கிடந்தன. பள்ளிக்கூடமும் பாழடைந்து கிடந்தது.

இங்கேதான் இந்த வரலாற்றின் கடினமான கேள்வி எழுகின்றது. 1992இல் ஐந்தாம் வகுப்பிலே இருந்த பிள்ளை 2018இல் முப்பத்தாறு வயதை அடைந்த தாய் அல்லது தந்தை. அவருடைய பிள்ளைகளோ தீவைக் காணாமலே பிறந்து வளர்ந்தோர். அவர்களுடைய பாடசாலை பெருநிலத்தில்; பெற்றோரின் தொழில் தீவுக் கடலில். தாயும் தந்தையும் தீவில் தங்கினால் பிள்ளையைப் பேத்தியாரிடம் விடல் வேண்டும். பிள்ளையோடு தங்கினால் தொழிலுக்கு நெடுந்தூரம் படகோட்டல் வேண்டும். எரிபொருட் செலவு பிடித்த மீனின் விலையில் பெரும்பங்கை விழுங்கும். பிள்ளைகள் குறைவு என்றால் பாடசாலை எழாது. பாடசாலை இல்லை என்றால் குடும்பங்கள் நிலையாகக் குடியேறா. குடும்பங்கள் குடியேறாவிட்டால் பிள்ளைகள் தொகை எவ்வாறு பெருகும்? செக்கு மாடு சுற்றுவது போல் இவ்வழக்கு சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருகின்றது.

கணக்குப் புத்தகத்தை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு நோக்குவோர், ஒரு சில பிள்ளைகளுக்காக ஆசிரியரையும் கட்டடத்தையும் கடல் கடந்து அனுப்புதல் வீண் செலவு என்று கூறக்கூடும். அது முற்றும் பிழையான கணக்கு என்று தள்ளிவிடவும் இயலாது. நல்ல ஆசிரியர் பலரும், நூலகமும், ஒத்த வயதுத் தோழரும் உள்ள பாடசாலை பிள்ளைக்கு நன்மையே. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அமரும் பிள்ளையின் தாய், ஊர்ப்பற்றுக்காகப் பிள்ளையின் படிப்பைப் பணயம் வைக்கத் துணியாள். அவளைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை.

ஆயினும் அந்தக் கணக்கிலே சேராத வரவு ஒன்று உண்டு. ஒரு கோவிலைத் திருநாளுக்கு மாத்திரம் திறந்து வைக்கலாம். ஆண்டுக்கொரு முறை படகேறி வந்து, பூசை கண்டு, மாலையில் திரும்பிவிடலாம். அவ்வூர் அப்பொழுது யாத்திரைத் தலமாகும், ஊராகாது. நாள்தோறும் காலையில் மணி அடித்து, சிறு கால்கள் மணலில் ஓடி வந்து வரிசையில் நிற்கும் இடமே ஊர். முதியோர் மட்டும் திரும்பிய மண்ணில் நினைவு வாழும். பிள்ளைகளும் திரும்பிய மண்ணிலேயே வாழ்வு வாழும். அதனாலேயே, போர் தின்ற வன்னியின் சிற்றூர்கள் பலவற்றிலும், மீளக் குடியேறிய மக்கள் கூரை இல்லாத வீட்டிலே தாம் இருந்துகொண்டும், பிள்ளைகளுக்கு ஒரு கொட்டில் எங்கே போடலாம் என்று முதலில் இடம் தேடினர்.

'கோவில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்' என்பது முன்னோர் மொழி. இரணைதீவின் கதையை அறிந்தோர், பள்ளிக்கூடம் இல்லா ஊரிற் குடியிருத்தலும் அரிது என்று அதனோடு சேர்த்துக்கொள்வர். பள்ளிக்கூடத்தின் நிர்வாகம் சபையிடம் இருப்பதா, அரசாங்கத்திடம் இருப்பதா என்று 1960ஆம் ஆண்டில் நாடே வாதிட்டது. அந்த மக்களின் கேள்வி அதனினும் எளியது, அதனினும் பெரியது. பிள்ளை படிக்கும் இடமும், தந்தை உழைக்கும் இடமும், பாட்டனைப் புதைத்த இடமும் ஒரே மண்ணாக இருத்தல் கூடுமா என்பதே அக்கேள்வி.

தீவுகள் இரணையாகப் பிறந்தவை. கோவிலும் பள்ளிக்கூடமும் இரணையாக வளர்ந்தவை. அவற்றுள் ஒன்றிலே விளக்கு எரிகின்றது. மற்றதிலும் எரிந்தாலன்றி அவ்வூர் முழுமை பெறாது.